லெட்ரோசோலை ஏன் நிறுத்தினீர்கள்?

கடிதம் முழுக்கச் சர்க்கரை, அமிலம், சோடா உப்பு என்று எழுதிவிட்டு, கவலைப்பட வேண்டியதைக் கடைசி இரண்டு வரியில் வைத்திருக்கிறீர்கள் அம்மா. மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கச் சாப்பிட்டுவந்த லெட்ரோசோல் மாத்திரையை மூட்டு வலி தாளாமல் நிறுத்தி நான்கு மாதம். மூன்று வாரமாக நடுமுதுகில் வலி, படுத்தால் அதிகம்.

முதலில் நீங்கள் பார்த்த அந்த வீடியோ. சர்க்கரை உடம்பை அமிலமாக்கிப் புற்றுநோயை வளர்க்கும், சோடா உப்பு குடித்தால் அது மாறும் என்கிறது. கட்டியைச் சுற்றி அமிலம் அதிகம் என்பது நிஜம்தான். ஆனால் அதை உண்டாக்குவதே புற்றுநோய் செல்கள்தான். குளுக்கோஸை அவசர அவசரமாக எரித்து லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. வெறும் வயிற்றில் சோடா உப்பு குடித்து அதை மாற்ற முடியாது. இரத்தத்தின் பி.எச். அளவை, அதாவது அமில-கார அளவை, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் வைத்திருக்க நுரையீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. உள்ளே போவது சோடியம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் செய்கிற காரியமா இது? இன்றோடு நிறுத்துங்கள். காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டதால் நோய் திரும்பாது. அக்குள் மரத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், அது அறுவை சிகிச்சையின்போது நரம்பு அறுபட்டதால், அதை விடுங்கள்.

புற்றுநோய் செல்களைச் சுற்றியுள்ள சூழல் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் செல் என்ற விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று ஸ்டீபன் பேஜெட் என்ற லண்டன் மருத்துவர் 1889-லேயே எழுதினார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்தபோது, அந்த நோய் சில உறுப்புகளையே தேடிப் போவது அவருக்குத் தெரிந்தது. எலும்பு அதில் ஒன்று. உங்களுடையது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரும் வகை. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்புக் கொழுப்பில் அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். எங்காவது ஒளிந்திருக்கும் செல்களுக்கு அதுதான் தீனி. லெட்ரோசோல் அந்த நொதியை முடக்குகிறது. சூழலை நிஜமாகவே மாற்றுகிற மருந்தை நிறுத்திவிட்டு, மாற்றாததைத் தினமும் குடிக்கிறீர்கள்!

காலையில் விரல்களும் முழங்காலும் இறுகி, நடமாடினால் இளகுவது மாத்திரையின் வேலை. ஒரே இடத்தில், படுத்தாலும் விடாமல், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எலும்பு வலி வேறு. எலும்பு மெலிந்து ஏற்பட்ட முறிவாகவும் இருக்கலாம், நோய் பரவியதாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. தைலம் தடவி நாளைக் கடத்தாதீர்கள். இந்த வாரமே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள், மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். அனஸ்ட்ரசோல், எக்செமெஸ்டேன், தமாக்சிஃபென் என்று மாற்று இருக்கிறது, திட்டமாட்டார். கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.