தாய்லாந்து போகிறோம், பாட் எங்கே மாற்றினால் நல்ல விலை கிடைக்கும்?

சென்னையிலேயே மொத்தப் பணத்தையும் பாட்டாக மாற்றிவிடாதீர்கள். இங்கே பாட்டுக்குத் தேவை குறைவு என்பதால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். "கமிஷன் இல்லை" என்று எழுதியிருந்தாலும் லாபம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. உதாரணமாக, கூகுள் ஒரு பாட் 2.70 ரூபாய் என்று காட்டும்போது கடையில் 2.85 கேட்டால், 50,000 ரூபாய்க்கு உங்களுக்குச் சுமார் 975 பாட் குறையும். இரண்டு மூன்று பேருக்கு ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவு அது!

நான் செய்வது இதுதான்: இங்கே நாலைந்து இடங்களில் போன் போட்டுக் கேட்டு, டாலராக வாங்கிக்கொள்வேன். கட்டாயம் 100 டாலர் நோட்டுகள், கசங்காமல், கிறுக்கல் இல்லாமல். பாங்காக்கில் சின்ன நோட்டுகளுக்கு விலை குறைத்துத்தான் தருவார்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் வங்கிக் கவுன்டர்களில் மாற்ற வேண்டாம். அடித்தளத்தில், நகர ரயில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கடைகளில் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

அப்புறம், கார்டு தேய்க்கும்போது இயந்திரம் "ரூபாயிலா, பாட்டிலா?" என்று கேட்டால் எப்போதும் பாட். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையை அந்தக் கடையின் தாய்லாந்து வங்கி தன் இஷ்டத்துக்கு வைக்கும். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் போகும், அதனால் எடுப்பதானால் ஒரே தடவையில் எடுங்கள்.