வலி மாத்திரையும் நஞ்சுக்கொடியும்

கேள்வி: எனக்கு வயது 27. பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது முதுகுவலிக்கு எழுதிக்கொடுத்த டிரமடால் மாத்திரையை ஒரு வருடமாக விடமுடியாமல் தினமும் சாப்பிடுகிறேன். இப்போது நான்காவது மாதம். நஞ்சுக்கொடியின் வளர்ச்சியை இது கெடுத்துவிடும் என்கிறாள் தோழி. இன்றே நிறுத்திவிடட்டுமா டாக்டர்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்: வேண்டாம் அம்மா, நீங்களாக நிறுத்தாதீர்கள். டிரமடால் ஓபியாய்டு வகை மருந்து, அதாவது அபினைப்போல் வேலைசெய்யும் வலி மருந்து. பழக்கப்படுத்திவிடும் என்பதால்தான் 2018இல் இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். உடம்பு பழகிவிட்ட பிறகு சட்டென்று விட்டால் வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று உங்களைப் பாடாய்ப் படுத்தும். அதைவிட முக்கியம், கருப்பை சுருங்கத் தொடங்கிக் கருச்சிதைவோ குறைப்பிரசவமோ ஆகக்கூடும்.

தோழி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடியைத் தட்டில் வைத்துப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அரைக் கிலோ எடை, ஒரு சாண் அகலம். தாயின் பக்கம் திட்டுத் திட்டாக இருக்கும். அதில் ஒரு திட்டாவது உள்ளே தங்கிவிட்டதா என்று பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத வேலையெல்லாம் அதற்குள் மரக்கிளைபோலப் பிரியும் மெல்லிய இழைகளில் நடக்கிறது. மாதம் ஏற ஏற அந்த இழைகள் நுணுகி, குழந்தையின் ரத்தக்குழாய்கள் அவற்றின் ஓரத்துக்கு நெருங்கி வரவேண்டும். அப்போதுதான் தாயின் ரத்தத்திலிருந்து பிராணவாயு எளிதாகக் கடக்கும். ஓபியாய்டு எடுத்துவந்த பெண்கள் சிலரின் நஞ்சுக்கொடியில் இந்த முதிர்ச்சி பின்தங்கியிருந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அந்த இழைகளிலேயே ஓபியாய்டுகள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும் இருக்கின்றன. மருந்து அவற்றைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது. எடை குறைந்த குழந்தைகள் பிறப்பதும் உண்டு. ஆனால் இப்படி ஆராயப்பட்டவர்களில் பலர் புகைபிடிப்பவர்கள், சரியான சாப்பாடு இல்லாதவர்கள். பழி முழுவதையும் மருந்தின்மேல் போட முடியாது; ஆகவே பயந்து சாகாதீர்கள்.

மாத்திரை அட்டையோடு இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பதா, புப்ரெனார்பின் போன்ற மாற்று மருந்துக்கு மாற்றுவதா என்று மனநல மருத்துவரோடு பேசி முடிவெடுப்பார். தூக்க மாத்திரையை இதோடு சேர்க்கவே கூடாது. ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியையும் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தையும் கவனித்துவருவார்கள்.

பிரசவத்தைப் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் கிடைத்துவந்த மருந்து நின்றுபோவதால், பிறந்த இரண்டு மூன்று நாளில் குழந்தை கீச்சென்று ஓயாமல் அழலாம், நடுங்கலாம், பால் குடிக்கத் திணறலாம். காரணம் முன்கூட்டியே தெரிந்தால் இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. பல குழந்தைகளுக்கு மங்கிய வெளிச்சமும் அம்மாவின் மடியும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பாலும் கிடைத்தாலே போதும்.