கீமோ நடக்கும்போது கணவர் பக்கத்தில் படுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஜூரோங் வெஸ்ட்டில் மூவறை வீடு; கணவர், மகன், மாமியாருடன் இருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்பு சினைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து கருப்பை, இரண்டு சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. ஆறில் நான்கு முடிந்தது. கணவர் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார். கேட்டால், "உனக்கு ஏதாவது ஆகிவிடும்" என்கிறார். நோய் அவருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் சொல்லி வைத்திருக்கிறார். ஒருமுறை சேர முயன்றோம், வலி தாங்க முடியவில்லை. டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

பதில்: பாயைச் சுருட்டிக்கொண்டு உங்கள் கணவர் இன்றைக்கே உள்ளே வரலாம். ஒரே கட்டிலில் படுப்பது, கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது, இதனால் உங்களுக்கும் ஒன்றும் ஆகாது, அவருக்கும் ஆகாது. அவருக்குச் சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் மட்டும் தள்ளி இருக்கட்டும்.

உங்கள் மாமியார் கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றி எங்கோ கேட்டுக் குழம்பியிருக்கலாம். அதற்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் உறவின் வழியே பரவும். அங்கேயும் பரவுவது வைரஸ்தான், புற்றுநோய் அல்ல. உங்களுக்கு வந்த நோய்க்கு அந்த வைரஸ் காரணமே இல்லை. அவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பயத்தில் சொன்ன வார்த்தை அது.

ஆனால் கீமோ மருந்து ஏற்றியபின் சில நாட்களுக்கு அதன் மிச்சம் உடல் திரவங்களில் கொஞ்சம் இருக்கும். அந்த நாட்களில் உறவு வைத்துக்கொண்டால் ஆணுறை வேண்டும். இரண்டு, மூன்று நாள் போதும் என்பவர்கள் உண்டு, ஒரு வாரம் என்பவர்களும் உண்டு. நான் ஒரு வாரம் என்றே சொல்வேன், கணக்கு வைக்கச் சுலபம். அப்புறம், பொதுவாக மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது கிருமித் தொற்று எளிதில் வரும் என்பதால் உறவைத் தள்ளிப்போடுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் சொல்லியிருந்தாலும் அப்படியே. உறவோ இல்லையோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி அந்த வலி. சாதாரணமாக மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடங்கள் பிடிக்கும், உடல் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். உங்களுக்கு ஒரே நாளில் நின்றுவிட்டது. சினைப்பைகளோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் போனதால் யோனியின் உள்தோல் மெலிந்து, வறண்டு, நெகிழ்வை இழந்துவிடுகிறது. வலி அதனால்தான். ஆசை குறைந்துபோனதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு, களைப்பும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் மனசு மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வறட்சிக்கு இரண்டு பொருள்கள் இருக்கின்றன, பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். யோனி மாய்ஸ்சரைசர் என்பது உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போடுவது, முகத்துக்குக் கிரீம் பூசுவது மாதிரி. லூப்ரிகன்ட் உறவின்போது மட்டும். தண்ணீர் சார்ந்ததாக, வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். கார்டியன், வாட்சன்ஸ் கடைகளில் கிடைக்கும். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான், ஆனால் எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் கிரீம் சிலருக்கு நன்றாக உதவும். சில வகைக் கட்டிகளுக்கு அது ஏற்றதல்ல என்பதால் உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கருப்பையை எடுத்த இடத்தில் யோனியின் மேல்முனையில் தையல் போட்டிருப்பார்கள். அது ஆற வழக்கமாக 6 முதல் 8 வாரம் ஆகும், கீமோ அதை இன்னும் தாமதமாக்கலாம். நீங்கள் முயன்றது எப்போது என்று எழுதவில்லை. அதனால் அடுத்த முறைக்கு முன்பு தையல் ஆறிவிட்டதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ரத்தமோ தண்ணீர் மாதிரிக் கசிவோ வந்தால் உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். ஆறிவிட்டது என்றால், வயிற்றுத் தழும்பில் பாரம் விழாதபடி பக்கவாட்டில் படுத்துப் பாருங்கள். இரவுதான் என்று இல்லை, களைப்பில்லாத நேரம் எதுவோ அது. வலித்தால் நிறுத்திவிடலாம், வெறுமனே அணைத்துக்கொண்டு படுத்தாலும் சரி. பிறகும் வலி விடாவிட்டால் இடுப்புத்தளத் தசைகளுக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டுகள் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

வெட்கம் என்றீர்கள். பெரும்பாலும் உங்களுக்கு மொழிபெயர்க்க மகன்தான் கூட வருவார் என்று நினைக்கிறேன், மகனை வைத்துக்கொண்டு இதை யார்தான் கேட்பார்கள்? அடுத்த முறை அவரைக் கீழே கோப்பி வாங்க அனுப்பிவிட்டு, தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரைக் கேளுங்கள். "சேரும்போது வலிக்குது" என்று சொன்னால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். முடிந்தால் கணவரையும் அழைத்துப் போங்கள். "உனக்கு ஏதாவது ஆகிவிடும்" என்று பயப்படுபவர் அவர்தானே, டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும்.