கண்ணாடியை மூடுங்கள்

அன்புள்ள ஐயா,
என் மகளுக்கு 13 வயது. பரதநாட்டியம் கற்கிறாள். அடவு என்னும் அடிப்படை அசைவுகள் சுத்தம், தாளம் பிசகாது. ஆனால் ‘தெருவில் வாரானோ’ பதத்துக்கு ஆடும்போது முகம் பொம்மை மாதிரி இருக்கிறது. தினமும் கண்ணாடி முன் நிறுத்தி நவரசம் செய்யச் சொல்கிறேன். அழுகிறாள். இந்த வயதில் சிருங்காரம், அதாவது காதல் ரசம், சொல்லிக்கொடுப்பதே தவறோ?
ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

சிருங்காரம் கிடக்கட்டும், அதை அவளுடைய ஆசிரியர் பார்த்துக்கொள்வார். முதலில் அந்தக் கண்ணாடியைத் துணி போட்டு மூடுங்கள்.

முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி இறங்கியிருக்கிறதா, முழங்கை தொங்குகிறதா என்று பார்க்கத்தான் கண்ணாடி. முகத்தாலும் கையாலும் பொருள் சொல்லும் அபிநயத்துக்கு அது எமன். அதன் முன் நிற்கும் பிள்ளையின் பார்வை தன் முகத்திலேயே முட்டி நின்றுவிடும். இந்தப் பதத்தை எழுதிய முத்துத்தாண்டவரின் நாயகி பார்ப்பது காதலன் வரும் தெருவை அல்லவா? தெரு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அவன் எந்தப் பக்கமிருந்து வருகிறான்? இவள் நிற்பது வாசலிலா, மாடியிலா? இதெல்லாம் தெரியாமல் புருவத்தை ஏற்றி இறக்கினால் பொம்மைதான் வரும். பதின்மூன்று வயதில் தன் முகத்தையே முறைத்துக்கொண்டு நிற்பதைப் போலக் கூச்சம் வேறில்லை. அழாமல் என்ன செய்வாள், பாவம்!

கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்கிற சுலோகத்தை, அபிநய தர்ப்பணம் என்னும் பழைய நாட்டிய நூலில் உள்ளதை, எல்லா வகுப்பிலும் ஒப்பிக்கிறார்கள். மேடை ஏறியதும் முன்வரிசையில் இருக்கும் அம்மாவைப் பார்க்கிறார்கள்.

அவளை உட்கார வையுங்கள். சலங்கை வேண்டாம், கை மடியில் இருக்கட்டும். வரியை அவளே வாய்விட்டுப் பாடட்டும். நாட்டிய மேதை பாலசரஸ்வதி (1918–1984) பாடிக்கொண்டேதான் அபிநயம் பிடித்தார். அவன் தலை தன் தலைக்கு ஒரு சாண் மேலே என்று வைத்துக்கொண்டு, இடக்கோடியிலிருந்து அவனைக் கண்ணால் கூட்டிவரட்டும். ‘திரும்பிப் பாரானோ’ என்னும் இடத்தில் அவன் தாண்டிப் போயாயிற்று, இனி தெரிவது முதுகுதான். முதலில் கண் போகும், கழுத்து பின்னால் வரும். இது பழகிய பிறகு கையைச் சேர்க்கலாம். சேர்த்ததும் கண் கைக்குப் பின்தங்கும், கவனியுங்கள். தோழியிடம் பேசும் இடத்தில் இன்னொரு கோளாறு வரும்: பார்வையின் உயரம் மாறுவதால் தோழி ஒரு தடவை இடுப்புயரம் இருப்பாள், மறு தடவை தலைக்கு மேல் வளர்ந்திருப்பாள்.

ஒரு மாதத்துக்கு இந்த ஒரே வரி போதும். போட்டி எதற்காவது பெயர் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.