மாட்டமாட்டோம் என்று தெரிந்தால்?

அன்புள்ள ஐயா,

மாட்டமாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் எல்லாருமே திருடுவார்கள், கேமராவுக்குப் பயந்துதான் உலகம் ஒழுங்காக நடக்கிறது என்கிறார் என் அண்ணன். ஏற்க மனமில்லை, மறுக்க ஆதாரமும் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செந்தில்
ஈரோடு

அன்புள்ள செந்தில்,

உங்கள் அண்ணன் பக்கம் வலுவான சாட்சி ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஐ.நா.வுக்கு வந்த தூதர்கள் கண்ட இடத்தில் காரை நிறுத்துவார்கள். அபராதச் சீட்டு வரும், ஆனால் தூதர்களுக்கு உள்ள சட்டச் சலுகையால், கட்டச்சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. 1997 முதல் 2002 வரை இப்படிச் சேர்ந்த பாக்கிச் சீட்டுகள் சுமார் ஒன்றரை லட்சம். அப்புறம், கட்டாதவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்கும் அதிகாரம் நகரத்துக்குக் கிடைத்தது. புதிதாகப் பாக்கி விழுவது ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்தது. சொந்த நாட்டின் மானத்தைச் சுமந்து வந்தவர்கள் இவர்கள்!

ஆனால் அதே காலத்தில், அதே சலுகையோடு இருந்த நார்வே, ஸ்வீடன், ஜப்பான் தூதர்கள் ஒரு சீட்டுகூட பாக்கி வைக்கவில்லை. பயம் மட்டுமே காரணம் என்றால் இவர்களை எங்கே வைப்பது?

இன்னொரு சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது. 40 நாடுகளில் வங்கி, ஹோட்டல், தபால் நிலையம் போன்ற இடங்களில், "தெருவில் கிடந்தது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே உரிமையாளரின் பெயரும் ஈமெயில் முகவரியும் உள்ள கார்டு, மளிகைப் பட்டியல், ஒரு சாவி. சிலவற்றில் கொஞ்சம் பணம். பணம் இல்லாத பர்ஸுக்காக உரிமையாளரைத் தொடர்புகொண்டவர்கள் 40 சதவீதம், பணம் இருந்ததற்கு 51 சதவீதம். மூன்று நாடுகளில் பணத்தை இன்னும் கூட்டிப் பார்த்தார்கள், நேர்மையும் கூடியது. பொருளாதார நிபுணர்களே இதை எதிர்பார்க்கவில்லை. கேமரா இருந்ததா இல்லையா என்பதும் முடிவைப் பெரிதாக மாற்றவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சாவி. எடுப்பவருக்கு அதனால் ஒரு பைசா லாபம் இல்லை, தொலைத்தவருக்குத்தான் கஷ்டம். சாவி இல்லாத பர்ஸ்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். அவை குறைவாகவே திரும்பின. ஆக, மாட்டுவோமா என்பதைவிட, யாருக்கு நஷ்டம் என்று கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். அபராதச் சீட்டைக் கட்டாத தூதருக்கு எதிரே இருந்தது ஒரு மாநகராட்சி மட்டுமே. பர்ஸை வாங்கியவர் கையில் ஒருவருடைய பெயர் இருந்தது.