முன்னாள் ஜாக்கி பயிற்சி தரும் குதிரையில் பங்கு வாங்கலாமா?

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடன் வேலை செய்பவர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து தடைதாண்டும் பந்தயக் குதிரை ஒன்றை வாங்குகிறார்கள்; என்னையும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குதிரையை ஒப்படைக்கப்போவது, அண்மையில் சவாரியை விட்டுப் பயிற்சியாளர் உரிமம் பெற்ற ஒரு ஜாக்கியிடம். அவர் பல பந்தயங்களில் வென்றவர். நல்ல ஜாக்கி நல்ல பயிற்சியாளராகவும் இருப்பாரா? பணம் கொடுப்பதற்கு முன் நான் எவற்றைப் பார்க்க வேண்டும்?"

போட்ட பணம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்து இதில் இறங்காதீர்கள். பரிசுத்தொகையால் செலவையே ஈடுகட்ட முடியாத குதிரைகள்தாம் மிகுதி. அதை ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த ஜாக்கி எத்தனை பந்தயங்களில் வென்றார் என்பதைவிட, சேணத்திலிருந்து இறங்கிய பின் யாரிடம் எவ்வளவு காலம் வேலை கற்றார் என்பதையே முதலில் விசாரியுங்கள்.

கிண்டியிலும் ஊட்டியிலும் நம்மவர்கள் பார்த்துப் பழகியது சமதளப் பந்தயம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலத்தில் சூடுபிடிக்கும் தடைதாண்டும் பந்தயம் வேறு உலகம். இரண்டு மைல் முதல் நான்கு மைலுக்கு மேல் வரை நீளும் ஓட்டத்தில் நான்கரை அடி உயரத் தடைகளைத் தாண்ட வேண்டியிருப்பதால், விழுவது அந்தத் தொழிலின் அன்றாடம். உடைந்த எலும்புகளும் எடையைக் கட்டுக்குள் வைக்கும் போராட்டமும் சேர்ந்து, பெரும்பாலான ஜாக்கிகளை நாற்பது வயதுக்குள் இறக்கிவிடுகின்றன. பாதி வாழ்க்கை மீதமிருக்கும்போது, தெரிந்த ஒரே தொழிலின் மறுபக்கத்துக்குப் போவது இயல்புதான். ஒரு குதிரை தடையை நெருங்கும்போது அஞ்சுகிறதா, மூச்சு வாங்குகிறதா, எந்தக் காலைக் காத்துக்கொண்டு ஓடுகிறது என்பதை உடம்பாலேயே அறிந்தவர் அவர். அந்த அறிவு விலைமதிப்பற்றது. ஆனால் தீவனம், தசைநாண் வீக்கம், கூலியாட்கள், கணக்கு, எந்தக் குதிரையை எந்தப் பந்தயத்தில் இறக்குவது என்ற தீர்மானம் ஆகியவற்றைச் சவாரி கற்றுத்தருவதில்லை.

உங்கள் நண்பர்கள் ஃப்ரெட் வின்டரை எடுத்துக்காட்டாகச் சொல்லக்கூடும். நான்கு முறை சாம்பியன் ஜாக்கியான (ஒரு பருவத்தில் மிகுதியான பந்தயங்களில் வென்ற ஜாக்கிக்குத் தரும் பட்டம் அது) அவர், பிரிட்டனின் புகழ்பெற்ற தடைதாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலை 1957-இல் சன்டியூ மீதும் 1962-இல் கில்மோர் மீதும் வென்றவர். 1964-இல் சவாரியை விட்டபோது, பந்தயங்களைத் தொடங்கிவைக்கும் அதிகாரி வேலைக்குத்தான் முதலில் விண்ணப்பித்தார்; அது கிடைக்காமல் போகவே லாம்போர்னில் லாயம் அமைத்தார். பயிற்சியாளராக இறங்கிய முதல் பருவத்திலேயே, 1965-இல், ஜே டிரம்ப் என்ற குதிரை அவருக்குக் கிராண்ட் நேஷனலை வென்று தந்தது. அடுத்த ஆண்டு ஆங்லோ வென்றது. சவாரியை விட்ட கையோடு இப்படி வென்ற கதையைக் கேட்டால் யாருக்கும் நம்பிக்கை பிறக்கும். ஆனால் ஜே டிரம்ப், அமெரிக்காவில் மேரிலாந்து ஹன்ட் கோப்பையை இருமுறை வென்று முதிர்ந்த பிறகே அவரிடம் வந்த குதிரை. வின்டரின் பெயருக்காகவே அத்தகைய உரிமையாளர்கள் தேடி வந்தார்கள் என்பதையும், அதே வின்டர் பயிற்சியாளராகச் செல்டனம் தங்கக் கோப்பை என்ற மற்றொரு பெரும் பந்தயத்தை வெல்ல 1978 வரை, அதாவது மிட்நைட் கோர்ட் என்ற குதிரை வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு நெருக்கமான பாடம் பயிற்சியாளர் பால் நிக்கல்ஸிடம் இருக்கிறது என்பது என் கருத்து. ஜாக்கியாக 1986-லும் 1987-லும் ஹென்னஸி தங்கக் கோப்பை என்ற வேறொரு பெரிய பந்தயத்தை அடுத்தடுத்து வென்றவர் என்றாலும் முதல் வரிசை ஜாக்கி அல்லர். எடையோடு ஓயாமல் போராடியவர், கால் முறிவோடு சவாரியை முடித்துக்கொண்டார். அதன் பின், தாம் யாருக்காகச் சவாரி செய்தாரோ அந்த டேவிட் பாரன்ஸிடமே உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 1991-இல் கிராண்ட் நேஷனலை வென்ற சீக்ராம் அந்த லாயத்துக் குதிரைதான். அந்த ஆண்டே சாமர்செட்டின் டிச்சீட் கிராமத்தில், பால் பார்பர் என்ற பால்பண்ணை உரிமையாளரின் லாயங்களை வாடகைக்கு எடுத்துத் தனியே தொடங்கினார். பயிற்சியாளராக அவருக்கு முதல் செல்டனம் தங்கக் கோப்பை 1999-இல் வந்தது. ஒரு பருவத்தில் மிகுதியான பரிசுத்தொகை ஈட்டியவருக்குத் தரும் சாம்பியன் பயிற்சியாளர் பட்டம் முதன்முதலாக 2006-இல்தான் வந்தது. அவருடைய குதிரைகளான கௌட்டோ ஸ்டாரும் டென்மனும் அந்த நீண்ட உழைப்புக்குப் பிறகு உலகம் அறிந்த பெயர்கள். பிறர் பணத்தில், பிறர் பொறுப்பில் தவறுகளைப் பார்த்துக் கற்கும் காலமும், பொறுமையுள்ள ஒரு நிலச் சொந்தக்காரரும் அவருக்கு வாய்த்தார்கள்.

ஜோன்ஜோ ஓநீலின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. டான் ரன் என்ற குதிரை மீது 1986-இல் செல்டனம் தங்கக் கோப்பையை வென்ற அந்தச் சாம்பியன் ஜாக்கி, அதே ஆண்டு சவாரியை விட்டு, புற்றுநோயிலிருந்தும் மீண்டு, கம்பிரியாவில் சிறிய அளவில் பயிற்சியாளராகத் தொடங்கினார். 2001-இல் செல்வந்தர் ஜே.பி. மக்மானஸுக்குச் சொந்தமான ஜாக்டாஸ் காசில் வளாகத்துக்கு வந்த பிறகே பெரிய குதிரைகள் குவிந்தன. 2010-இல் அவருடைய குதிரை டோன்ட் புஷ் இட் கிராண்ட் நேஷனலை வென்றது. மறுபுறம், பெயர் சொல்லும்படியான ஜாக்கியாக ஒருபோதும் இருந்திராத மார்ட்டின் பைப், இரத்தப் பரிசோதனையையும் இடைவெளிவிட்டு விரைந்தோடும் பயிற்சியையும் கொண்டு 15 முறை சாம்பியன் பயிற்சியாளரானார். 20 முறை சாம்பியன் ஜாக்கியான டோனி மக்காய், 2015-இல் ஓய்வு பெற்றபோது பயிற்சித் தொழில் பக்கமே போகவில்லை.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு காலை நேரத்தில் லாயத்துக்கு நேரில் போங்கள். பயிற்சி ஓட்டம் நடக்கும் பொழுதில் போவது நல்லது. உரிமம் பெறுவதற்கே பயிற்சி வகுப்புகளை முடிப்பதும், இட வசதியையும் பண வலிமையையும் காட்டுவதும் கட்டாயம் என்பதால், அடிப்படைத் தகுதி இருப்பதாகவே கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு மேற்பட்டவற்றை. பயிற்சி ஓடுதளம் சொந்தமா, பகிர்ந்துகொள்வதா? தலைமைப் பணியாளர் அனுபவசாலியா? பயிற்சியாளர் பந்தயத் திடலுக்குப் போயிருக்கும் நாளில் காயமடைந்த காலைக் கவனிக்கப்போகிறவர் அவர்தான். லாயத்தில் உள்ள குதிரைகள் அனைத்தும் ஒரே செல்வந்தருடையவை என்றால் எச்சரிக்கையாக இருங்கள். அவர் மனம் மாறினால் லாயமே ஆட்டம் காணும்.

பயிற்சியாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "குதிரை எப்போது வெல்லும்?" என்பது அல்ல, "எப்போது ஓடாமல் இருக்கச் சொல்வீர்கள்?" என்பதே. தடைதாண்டும் குதிரை மெல்ல முதிர்வது. நான்கு வயதில் தடையில்லா ஓட்டம், பிறகு ஹர்டில் எனப்படும் உயரம் குறைந்த தடைகள், அதன் பிறகே பெரிய தடைகள் என்று ஆண்டுக்கணக்கில் போகும். ஒரு தசைநாண் காயம் ஒரு முழுப் பருவத்தையே விழுங்கிவிடும். இதை முகம் சுளிக்காமல் விளக்கும் பயிற்சியாளரை நான் நம்புவேன். உடனடி வெற்றியைப் பேசுபவரிடம் பணம் கொடுக்க மாட்டேன்.

கூட்டு ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். கூட்டு பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையத்தில் பதிவானதா என்று பாருங்கள். பயிற்சிக் கட்டணம் நாள் கணக்கில் வரும். அதற்கு மேல் லாடம், மருத்துவர், போக்குவரத்து, பந்தய நுழைவு, ஜாக்கிக் கட்டணம் ஆகியவை தனித்தனியே சேரும். மாதக் கட்டணத்துக்குள் எவை அடங்கும், குதிரை காயப்பட்டு ஓய்வில் இருக்கும்போதும் கட்டணம் தொடருமா, ஒருவர் விலகினால் அவர் பங்கு யாருக்குப் போகும், ஓட்டம் முடிந்த பின் குதிரையின் எஞ்சிய வாழ்நாளுக்கு யார் பொறுப்பு ஆகியவை எழுத்தில் இல்லையென்றால், எழுதித் தரும் வரை கையெழுத்திட வேண்டாம்.