அவர் பாலிசிக்கு உங்கள் வளையல் எதற்கு?

கேள்வி: கிருஷ்ணகிரியில் தனியார் பள்ளி ஆசிரியை நான். வயது 33, சம்பளம் 18,000. மூன்று வருடத்துக்கு முன் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. மாங்காய் மண்டி வைத்திருக்கும் அவர், 2014-ல் போட்ட தன் 6 லட்ச ரூபாய் பாலிசி (முதிர்வு 2034) பிள்ளைகளுக்கே என்று மனுவில் எழுதிக் கொடுத்தார். பிறகு பிரீமியம் கட்டுவதையே விட்டுவிட்டார். வளையலை அடகு வைத்து வருடம் 31,000 நானே கட்டுகிறேன். இப்போது அவருக்கு மறுமணம் ஆகிவிட்டது. அந்தப் பாலிசி மேல் 1.4 லட்சம் கடன் வாங்கியிருப்பதும் தெரியவந்தது. நாமினி பிள்ளைகள்தான். 'விட்டுடாதே' என்கிறார் அம்மா. ஜூன் தவணையைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். குறைந்தபட்சம் வளையலை வைத்துக் கட்டாதீர்கள்.

நாமினிக்குப் பணம் போவது, அவர் இறந்தால் மட்டுமே. நல்லபடியாக இருந்தால் 2034-ல் முதிர்வுப் பணம் அவர் வங்கிக் கணக்குக்கே வரும். நாமினி பெயரையும் ஒரே ஒரு படிவத்தில் அவர் மாற்றிவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. புது மனைவி பெயர் ஏறிவிட்டால், 2015 காப்பீட்டுச் சட்டத் திருத்தத்தைக் காட்டி அந்தப் பணம் தனக்கே என்று அந்தப் பெண் கோரலாம். கோர்ட் காகிதத்தைக் காட்டிப் பிள்ளைகள் வழக்காடலாம், ஆனால் அது எத்தனை வருடம் இழுக்குமோ.

கடனுக்கு வருவோம். வட்டி 9.5 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும் என்று வைத்தால், மூன்று வருடத்தில் 1.4 லட்சம் சுமார் 1.85 லட்சம் ஆகியிருக்கும். அதாவது நீங்கள் கட்டிய 93,000-ல் பாதி, அவர் வட்டி ஏறியதற்கே சரி. அப்படியே விட்டால் 2034-ல் நாலு லட்சத்தை நெருங்கும். அதற்குள் நீங்கள் இன்னும் எட்டுத் தவணை, சுமார் இரண்டரை லட்சம் கட்டியிருப்பீர்கள். நீங்கள் அனுப்பிய ரசீதை இன்னொரு முறை பாருங்கள். அதில் உங்கள் பெயர் எங்காவது இருக்கிறதா?

திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் (1874) கீழ் போட்ட பாலிசியாக இருந்தால் அவர் இஷ்டத்துக்கு நாமினியை மாற்றவோ கடன் வாங்கவோ முடியாது. ஆனால் அதைப் பாலிசி போடும்போதே எழுதியிருக்க வேண்டும். கடன் கிடைத்திருக்கிறது என்றாலே இது அந்த வகை இல்லை.

அப்போ என்ன செய்வது? அவர் கடனை அடைத்து, பாண்டை (பாலிசிப் பத்திரத்தை) மீட்டு, பாலிசியை முழுமையாக உங்கள் பெயருக்கு அசைன்மென்ட், அதாவது உரிமை மாற்றம், செய்து தர வேண்டும். அதைக் கிளை அலுவலகம் பதிவு செய்த பிறகு கட்டுங்கள், தாராளமாக. 'சரி, பார்க்கலாம்' என்று மண்டியில் உட்கார்ந்து சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். விவாகரத்துத் தீர்ப்பு நகலோடு போய், பாலிசி பற்றிய வரி தீர்ப்பிலேயே இருக்கிறதா, வெறும் மனுவோடு நின்றுவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

ஜூனில் கட்டாவிட்டால் மறுநாளே எல்லாம் போய்விடாது. 30 நாள் சலுகைக் காலம் உண்டு, அதன்பின் புதுப்பிக்க ஐந்து வருடம் உண்டு. கடன் ஏறி பாலிசி முடிக்கப்பட்டால் அதில் பெரிய நஷ்டம் அவருக்குத்தான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகளும் நம்பியிருப்பது உங்கள் சம்பளத்தை. உங்கள் பெயரில் காப்பீடு இருக்கிறதா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! 25 லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) எடுங்கள், உங்கள் வயதில் வருடம் ஆறேழாயிரம் ஆகலாம். பிள்ளைகள் மைனர் என்பதால் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளராக உங்கள் அம்மாவைப் போடுங்கள். பேருந்து நிலையம் பக்கம் எந்த ஏஜென்டாவது 'சைல்டு பிளான்' என்று பளபள காகிதத்தை நீட்டினால், டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். மிச்சப் பணத்தில் முதலில் வளையலை மீட்டெடுங்கள். மகளுக்குச் செல்வமகள் கணக்கு இல்லையென்றால் பத்து வயது முடிவதற்குள் திறந்தாக வேண்டும். 250 ரூபாய் போதும், இந்த வாரமே அஞ்சலகம் போய்விட்டு வாருங்கள்.